டிஸ்பிளே நிரபராதி

நம் ஊரில் லேப்டாப்புக்கு எது வந்தாலும் முதலில் பிடித்துக் கொடுக்கப்படுவது டிஸ்பிளேதான். சார்ஜரை உருவினால் கொஞ்ச நேரத்தில் திரை பட்டென்று இருண்டுவிடுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள், எதிரில் இருப்பவர் "டிஸ்பிளே போச்சு" என்று தீர்ப்பெழுதிப் பேனா முனையையும் உடைத்துவிடுவார். பக்கத்தில் நிற்பவர் "மதர்போர்டா இருக்கும்" என்று தண்டனையை இன்னும் கூட்டுவார். இன்ஜினீயரிங் படிக்கும் பையன் ஒருவன் அங்கே இருந்தால், "ஃபார்மட் போட்டா சரியாயிடும் அங்கிள்" என்று ஆறுதல் சொல்வான். இவர்களில் ஒருவர்கூட லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். என் கட்சி வேறு. சார்ஜரில் ஒழுங்காக எரிந்து, பேட்டரியில் மட்டும் அணைகிற திரைக்கு அநேகமாக ஒரு கோளாறும் இருக்காது. யாரோ அணையச் சொன்னார்கள், அது அணைந்தது. சொன்னது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம், புதுப் பேனலுக்குக் காசும் வேண்டாம்.

இதற்கு முதல் சாட்சியம் புகாரிலேயே இருக்கிறது. 'பேட்டரியில் மட்டும்' என்கிறார்கள். சொல்லிவிட்டு அதைச் சொன்னவரே மறந்துவிடுகிறார். மின்சாரம் சுவரிலிருந்து வருகிறதா, பேட்டரியிலிருந்து வருகிறதா என்பது பேனலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் கிடையாது. சார்ஜர் 19 அல்லது 20 வோல்ட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மூன்று செல்லை வரிசையாகக் கோத்த பேட்டரியோ நிரம்பியிருக்கும்போது 12.6 வோல்ட், காலியாகும் நேரத்தில் 9 வோல்ட் பக்கம். எது வந்தாலும் வாங்கி, இறக்க வேண்டியதை இறக்கி, ஏற்ற வேண்டியதை ஏற்றி, பேனலுக்கு அதன் 3.3 வோல்ட்டையும் பின்னாலிருக்கும் பேக்லைட்டுக்கு வேண்டியதையும் மதர்போர்டு பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கெட்டுப்போன பேனல் எங்கேயும் கெட்டுப்போன பேனல்தான்; சார்ஜர் சொருகியிருக்கிறதே என்று மரியாதைக்காக நல்லபடி நடந்துகொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. விண்டோஸுக்கு மட்டும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதன் மின்சிக்கனக் கணக்கில் ஒவ்வோர் அமைப்புக்கும் இரண்டு மதிப்பு எழுதியிருக்கிறது: சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும், பவர் பட்டனை அமுக்கினால் என்ன என்று எல்லாமே இரட்டைப் பதிவு. சார்ஜரை உருவியதும் நடத்தை மாறுகிறது என்றால், இரண்டு சட்டப் புத்தகம் வைத்திருக்கிற ஆளைத்தானே முதலில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்?

இந்தச் சிக்கனச் சட்டம் நேற்றுப் போட்டது இல்லை. 1992ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் முத்திரை பெற்ற சாமான்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. எதை எப்போது தூங்கவைப்பது என்ற அதிகாரம் அதுவரை பெரும்பாலும் பயாஸ் கையில் இருந்தது. அதை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கைக்கு மாற்றிக் கொடுத்தது அந்த விதிமுறை. அன்று பதவியேற்ற அதிகாரியின் குணம், நாம் அறையை விட்டுக் கிளம்புவதற்குள் ஃபேன் சுவிட்சை அணைத்துவிடும் வீட்டுப் பெரியவரின் குணம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் மின்சாரத்தை அதிகம் தின்கிற உறுப்புகளில் திரைக்கு முன்வரிசை இடம் உண்டு. அதை அணைத்தால் பேக்கப் நீளும் என்பதும் உண்மை. ஆனால் புதிய விண்டோஸ் 11 லேப்டாப் பேட்டரியில் திரைக்குக் கொடுத்து அனுப்பும் அவகாசம் ஒற்றை இலக்க நிமிடங்கள்தான். கீபோர்டைத் தட்டுவதும் டச்பேடைத் தடவுவதும்தான் அதற்குத் தெரிந்த உயிர் அடையாளங்கள். ஒரு பத்தியை இரண்டு தடவை படித்துப் புரியாமல் மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருந்தால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று அது முடிவுகட்டிவிடும். யோசிப்பதற்கு விண்டோஸில் அங்கீகாரம் கிடையாது.

"அதெல்லாம் பார்த்தாச்சு, செட்டிங்ஸில் பவர் அண்ட் பேட்டரிக்குப் போய் 'நெவர்' என்றே வைத்தாச்சு, அப்படியும் அணைகிறதே" என்பது அடுத்து வரும் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் திரையை அணைக்கவோ மங்கவைக்கவோ அதிகாரம் உள்ளவர்கள் ஒரு லேப்டாப்பில் பல பேர். அவர்களில் ஒருவரிடம் மட்டும் மனு கொடுத்திருக்கிறீர்கள். அதே விண்டோஸில் டிஸ்பிளே பக்கத்துக்குப் போனால், திரையில் ஓடும் காட்சிக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஏற்பாடு பல லேப்டாப்களில் இருக்கும். அதில் 'பேட்டரியில் மட்டும்' என்றே ஒரு தேர்வு உண்டு. இருட்டான காட்சி வந்தால் அது பேக்லைட்டையும் சேர்த்துக் குறைத்துவிடும். பேய்ப் படத்தில் பேய் வருகிற நேரம் பார்த்துத் திரை கறுப்பது இதனால்தான். பேய்க்கு இதில் சம்பந்தம் இல்லை. இதே வேலையை இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் தன் பங்குக்குத் தனியாகச் செய்யும். ஏஎம்டி டிரைவரில் வேரி-பிரைட் என்ற பெயரில் அதே கைங்கரியம். லேப்டாப்பைச் செய்த கம்பெனி போட்டு அனுப்பிய செயலி ஒன்று இருக்கும். அதில் யாரும் திறந்தே பார்க்காத பேட்டரிப் பக்கம் ஒன்றும் இருக்கும். 120, 144 ஹெர்ட்ஸ் திரை உள்ள இயந்திரங்கள் சிலவற்றில் சார்ஜரை உருவிய கையோடு வேகம் 60க்கு இறங்கும். இறங்கும்போது ஒரு நொடி கறுத்துத் திரும்பும். அது வியாதியே இல்லை. இன்னும் சில புது மாடல்களில், எதிரில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் உணரி இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால், ஆள் போய்விட்டார் என்று கணக்குப் போட்டு விளக்கணைக்கும் வல்லமை அதற்கு உண்டு.

இவர்களில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஆள் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ். திரையில் படம் மாறாமல் நின்றால் கிராஃபிக்ஸ் சிப் எதற்கு அதையே நொடிக்கு 60 தடவை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரோ யோசித்தார்கள். கடைசிப் படத்தைப் பேனலே தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு காட்டட்டும், சிப் கண்ணயரட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். 2011ல் வந்த இடிபி 1.3 என்ற திரை இணைப்புத் தரத்தில் இது சேர்ந்தது. அழகான யோசனை. சிக்கல், சிப் கண் விழிக்கும்போதுதான். மவுஸை அசைத்ததும் பேனலும் சிப்பும் மறுபடி கைகோத்துக்கொள்ள வேண்டும். அதில் டிரைவர் தடுமாறினால் திரை துடிக்கும், அல்லது கறுத்தே நிற்கும். இன்டெல்லின் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் பவர் பகுதிக்குப் போனால் பேட்டரிக்கென்று தனியாக இதன் சுவிட்ச் இருக்கிறது, அணைத்துவிடலாம். லினக்ஸ் ஆசாமிகள் கெர்னலுக்கே ஒரு வரி எழுதி இதை முடக்கிவைப்பது அந்த வட்டாரத்தில் பழகிப்போன வைத்தியம். விண்டோஸ்காரர்கள் திரை கறுத்த நிலையிலேயே விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அமுக்கிப் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் டிரைவர் ஒரு 'பீப்' போட்டு மறுபடி எழுந்திருக்கும். உடனே திரையும் வந்துவிட்டால், பேனல் விடுதலை, குற்றவாளி டிரைவர். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நேற்று ராத்திரி 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' அமுக்கிவிட்டுப் படுத்தது யார்?

இத்தனைக்கும் அப்பால் ஒரு சந்தேக நபர் உண்டு. கையும் களவுமாகப் பிடிபட்டாலும் யாரும் நம்பமாட்டார்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்குகிறதே, அது எப்படி மூடியதைத் தெரிந்துகொள்கிறது? பெரும்பாலான மாடல்களில் மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தம் ஒன்று, கீழே அதற்கு நேராக, மணிக்கட்டு வைக்கும் பகுதியிலோ விளிம்பிலோ, காந்தத்தை உணரும் சில்லு ஒன்று. 1879ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டுபிடித்த விளைவின் பேரால் அதற்கு ஹால் சென்சார் என்று பெயர். அதற்குத் தெரிந்ததெல்லாம் காந்தம் ஒன்றே. மூடி என்ற பொருளை அது கண்டதே இல்லை. காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டை, காந்தம் வைத்த மொபைல் கவர், இயர்பட்ஸ் டப்பா, எது பக்கத்தில் வந்தாலும் மூடி சாத்தப்பட்டது என்றே அது அறிக்கை கொடுக்கும். கையில் புது ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு டைப் அடிக்கிறவருக்கு, இடது கை ஓர் அங்குலம் நகரும்போதெல்லாம் திரை போவது இப்படித்தான். மூடியைச் சாத்தினால் என்ன செய்வது என்பதற்கும் சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று இரட்டை விதி இருக்கிறதே. வெளி மானிட்டரில் வேலை செய்பவர்கள் சார்ஜர் பக்கம் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றிவைத்திருப்பார்கள், பேட்டரி பக்கம் 'தூங்கு' என்றே கிடக்கும். மேசையில் விழித்திருக்கும் இயந்திரம் மடிக்கு வந்தால் தூங்குகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சோதிப்பது சுலபம். ஒரு குண்டூசியை நூலில் கட்டி மூடியின் விளிம்போடு மெல்ல ஓட்டினால், காந்தம் இருக்கும் இடத்தில் ஊசி வெடுக்கென்று திரும்பும். மூடியை மடக்கும்போது அந்த இடம் கீழே எங்கே வந்து உட்காருகிறதோ, வாட்ச் கட்டிய கை அங்கே போகக் கூடாது.

இங்கேதான் என் கட்சிக்கு எதிரான வலுவான வாதமும் நிற்கிறது. அணைக்கச் சொன்னவர் யாருமே இல்லாமல், நிஜமாகவே ஒயர் தேய்ந்து திரை அணைவது இல்லையா? இருக்கிறது. மறுக்க முடியாத உதாரணம் 2016ல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ. அதில் பேக்லைட்டுக்கான மெல்லிய பட்டைக் கேபிள் மூடி திரும்பும் இடத்தில் வளைந்து வளைந்து தேய்ந்தது. சற்றே திறந்தால் எரியும், அகலத் திறந்தால் அணையும். 2018 மாடலில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளம் கூடியிருந்ததை ஐஃபிக்ஸிட் ஆட்கள் பிரித்து அளந்து சொன்னார்கள். 2019 மே மாதம் ஆப்பிள், 2016 மாடலுக்கு இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தத் திரை மூடியின் கோணத்தைப் பார்த்து அணைந்தது; சார்ஜரைப் பார்த்து இல்லை. நம் புகாரில் இவை இரண்டும் எப்படிக் கலக்கின்றன என்று யோசித்தால் விஷயம் விளங்கும். சார்ஜர் இருக்கும்போது லேப்டாப் மேசையில் அசையாமல் கிடக்கிறது. சார்ஜரை உருவியதும் என்ன நடக்கிறது? அதைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போகிறோம், மடியில் வைக்கிறோம், கட்டிலில் படுத்து வயிற்றின் மேல் சாய்க்கிறோம், நிமிடத்துக்கு ஒரு கோணத்தில் மூடியைத் திருப்புகிறோம். மாறியது மின்சாரம் மட்டுமா? ஆகவே எந்த விசாரணைக்கும் முன்னால் ஒன்று செய்ய வேண்டும். லேப்டாப் மேசையிலேயே இருக்கட்டும், மூடி அதே கோணத்தில் நிற்கட்டும், வாட்சும் மொபைலும் அடுத்த அறைக்குப் போகட்டும், சார்ஜரை மட்டும் உருவுங்கள். அப்படியே எரிந்துகொண்டிருந்தால், இத்தனை நாள் பேட்டரி மேல் போட்ட பழியைச் சோபா மேல் போடலாம். அல்லது ஹிஞ்ச் கேபிள் மேல்.

பேட்டரி கிழமாகிவிட்டது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கிழப் பேட்டரி செய்யும் சேட்டை வேறு மாதிரி. வயதான லித்தியம் அயான் செல்லில் உள்மின்தடை கூடிப்போயிருக்கும். பிராசசர் திடீரென்று அதிகம் கேட்கும் நொடியில் வோல்ட்டேஜ் சரியும், பாதுகாப்புச் சுற்று தொடர்பை வெட்டிவிடும். 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஆனால் அப்போது திரை மட்டும் போகாது, எல்லாமே போகும். ஆக, இரண்டையும் பிரித்தறிய ஒரு பாட்டுப் போதும். ஏதாவது நீளமான பாட்டை ஓடவிட்டுக் காத்திருங்கள். திரை இருண்ட பின்னும் பாட்டு சரணத்தில் போய்க்கொண்டிருந்தால் பேட்டரி உழைத்துக்கொண்டிருக்கிறது. திரையை மட்டும் யாரோ அணைத்திருக்கிறார்கள். பாட்டும் நின்று, பவர் விளக்கு மெல்ல மின்னினால் தூக்கம். விளக்கும் இல்லையென்றால்தான் மூச்சு நின்றது. இதை விண்டோஸ் தன் கைப்படவே எழுதியும் வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 'கெர்னல் பவர்' என்று தேடினால், 42 என்ற எண்ணில் தூங்கப்போன பதிவும் அதற்கான காரணமும் இருக்கும்: பட்டனா மூடியா, சும்மா கிடந்ததா, பேட்டரியா. புது வகைத் தூக்கமுறை உள்ள லேப்டாப்களில் அந்த எண் 506. முறைப்படி நிற்காமல் பாதியில் செத்துப்போனால் 41. மூடியைச் சாத்தவே இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்யும் நேரத்தில் 'மூடி' என்று எழுதியிருந்தால், வாட்சைக் கழற்றுங்கள். 41 வரிசையாக நின்றால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால், பிறந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இன்றைக்கு எவ்வளவு என்று ஜாதகமே வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, மூடி சமமாக உட்காரவில்லை என்றால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் தமாஷை நிறுத்திவிட்டு, சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டு, அழுத்தாமல் குத்தாமல் கடைக்கு எடுத்துப்போக வேண்டும்.

ஃபார்மட் பையனுக்கும் ஒரு வார்த்தை. ஃபார்மட் போட்டால் சில சமயம் சரியாவது உண்மை. பழைய செட்டிங் அழிந்து புது செட்டிங் வந்ததால் சரியானது. கூடவே குற்றம் நடந்த இடத்தைக் கழுவிவிட்டதால், யார் செய்தார்கள் என்பது கடைசி வரை தெரியாது. இரண்டு நாளில் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால், அந்தப் பையனை மறுபடி எங்கே தேடுவது? இன்னொரு கூட்டம், "எதற்கு வம்பு, எப்போதும் சார்ஜரிலேயே வைத்துக்கொள்ளலாமே" என்கிறது. வைத்துக்கொள்ளலாம், கரண்ட் போகும் வரைக்கும். ஆன்லைன் இன்டர்வியூவில் "உங்கள் பலவீனம் என்ன" என்று கேட்கும் நேரம் பார்த்து கரண்ட் போனால், பதில் சொல்லாமலே பதில் தெரிந்துவிடும். தவிர, எந்நேரமும் 100 சதவீதத்தில் சூடாக நிற்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும். எல்லாவற்றையும் 'நெவர்' என்று வைத்துவிடுவதும் தீர்வு இல்லை. மூடாமல் மறந்து எழுந்து போனால் மாலைக்குள் பேட்டரி வறண்டுகிடக்கும். பேட்டரியில் திரைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் படிக்கவும் முடியும், பேக்கப்பும் கெடாது.

இவ்வளவுக்கும் தப்பித்து, மேசையில் அசையாமல் இருந்தும், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தும், திரை போகிறது என்றால் அப்போது வன்பொருள் பக்கம் போகலாம், வரிசைப்படி. அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பின்னால் எரியும் எல்இடியின் தயவில்தான் தெரிகிறது. டார்ச் ஒளியில் ஐகான்களும் மவுஸ் அம்பும் சாம்பல் நிழல்களாகத் தெரிந்தால், படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. போனது பேக்லைட்டோ அதற்கு வரும் மின்பாதையோ. ஒன்றுமே தெரியாவிட்டால் ஹெச்டிஎம்ஐ ஒயரில் டிவியைச் சொருகிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் கடைக்காரருக்கும் தெரியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஹிஞ்ச் கேபிளைக் கழற்றி மாட்டும் கைகள் இருக்கின்றன. அவர்களுடைய திறமையில் குறையே இல்லை. நாம் போய் "டிஸ்பிளே போச்சு" என்று நோயின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது, அவர்கள் டிஸ்பிளேக்கு விலை சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போகும்போது தீர்ப்பை வீட்டில் வைத்துவிட்டு, சாட்சியத்தை மட்டும் கொண்டுபோங்கள்: பாட்டு நின்றதா, மேசையிலும் அணைந்ததா, ஈவென்ட் வியூவரில் என்ன எண். அதற்குப் பிறகும் பேனலை மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னால், ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். சார்ஜரை உருவிவிட்டு, லேப்டாப்பை ஆன் செய்யும்போதே எஃப்2வோ டெலீட்டோ அமுக்கி பயாஸுக்குள் நுழைந்து, உங்கள் கண்முன்னால் கால் மணி நேரம் அப்படியே விடச் சொல்லுங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது, அதன் டிரைவர் கிடையாது, அது வைத்திருக்கும் சிக்கனக் கணக்கும் கிடையாது. அங்கேயும் திரை அணைந்தால் தாராளமாகப் பர்ஸை எடுங்கள். அணையாவிட்டால் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பேனலுக்குக் கொடுக்க வேண்டிய காசு எதுவும் இல்லை.